முப்பத்தேழு அடி

லைசன்ஸ் அவருடைய பேரில்.
ஏறுவது நான்.

மாங்குளத்து வெல்டிங் கடையில் செய்வித்த
முக்கோணக் கோபுரம், இருபதடித் துண்டு இரண்டு,
லான்ட்மாஸ்டரில் வந்திறங்கிய அன்று
அம்பகாமம் முழுக்க ஒரே கேள்வி:
"போன் ரவரோ? இனிச் சிக்னல் வருமோ?"
இல்லை, இது இவருக்கு என்றேன்.
ஒருத்தருக்கும் விளங்கவில்லை.
எனக்குந்தான்.

இவருக்கு இடக்கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்.
பதினோராம் படிக்கு மேலே
தான் எதில் நிற்கிறேனென்று அதற்குத் தெரியாது.
ஆகவே பழைய பஸ்ஸொன்றின் சீற் பெல்ற்றை
இரட்டையாய்த் தைத்து
என் இடுப்பில் கட்டி, இழுத்து, திரும்ப இழுத்துப் பார்த்தார்.
தாலி முடிச்சுக்குக்கூட
இவ்வளவு கவனம் எடுக்கவில்லை மனுசன்.

"இடப்பக்கம் ஒரு சுத்து. இன்னும். போதும்.
போதுமெண்டனெல்லோ!"
மேலே எனக்குக் காற்று மட்டுந்தான் கேட்கும்.
ஒரு நட்டு வாய்க்குள், ஒரு நட்டு விரலிடுக்கில்,
இரணைமடுப் பக்கம் தகரத்துண்டுபோலத் தண்ணீர்.

இழுகம்பிக்கு மூன்று கிடங்கு.
வடக்குக் கிடங்கு விழுந்த இடத்தில்
முந்தி சிவப்புத் தலைத் தடிகள் நட்டிருந்தார்கள்.
துப்புரவாக்கியாயிற்று என்று கடதாசி இருக்கிறது, முத்திரையோடு.
என்றாலும் என்னைக் கிணற்றடிக்குப் போகச்சொல்லிவிட்டு
முதல் இரண்டடியையும் அவரே தோண்டினார்,
குந்தியிருந்து,
சாந்தகப்பையால்.

கோபுரம் எழும்பின முதல் கிழமை
பெட்டிக்குள் யானைவேலிதான் பேசியது.
டக். டக். டக்.
செக்கனுக்கு ஒன்று, விடியவிடிய.
ரஷ்யாவும் டக், யப்பானும் டக்.
சின்ன ரேடியோவை ஏந்திக்கொண்டு
வேலியோரம் ஒன்றரைக் கட்டை நடந்தேன்.
அருளம்பலத்தாரின் கச்சான் தோட்ட மூலையில்
சத்தம் பெருத்தது:
வெடித்த இன்சுலேற்றர், நனைந்த புல்லில் கம்பி.
ஐம்பது ரூபாய்ச் சாமான்.
மாற்றினோம். பிறகுதான் தூரம் கேட்டது.

அதற்குப் பிறகும் வேலை ஓயவில்லை.
மந்தி ஊஞ்சலாடி ஒரு கை அறுந்தது.
கேபிள் மூட்டுக்குள் மழைத்தண்ணி,
சைக்கிள் ரியூப்பை வார்வாராய் வெட்டிச் சுற்றினேன்.
ஐப்பசியில் இடி முழங்கினால்
முதலில் வயரைக் கழற்றி முற்றத்தில் எறிவது,
பிறகுதான் கொடியில் கிடக்கும் உடுப்பு.
பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள்:
யாரோடு கதைக்கிறீர்கள்?
குறிப்புப் புத்தகத்தை நீட்டினார்.
பல்கேரியா, ஓமான், பெயர் வாயில் நுழையாத ஒரு தீவு.
படம் பிடித்தார்கள்.
தேத்தண்ணிக்குச் சீனி கூடக் கேட்டார்கள்.

இந்தப் படலைக்கு வந்த எல்லாரும்
படிவத்தோடுதான் வந்தார்கள்.
எங்கேயிருந்து இடம்பெயர்ந்தீர்கள், எத்தனை தரம்,
எத்தனை பேர் போனீர்கள், எத்தனை பேர் வந்தீர்கள்.
சொல்லிச்சொல்லி
அந்த வரிசை எனக்கு வாய்ப்பாடாகிவிட்டது;
அடுப்பில் சோறு கொதிக்கக்கொதிக்கச் சொல்லுவேன்.

நேற்று இரவு ஹொக்கைடோவிலிருந்து ஒருவர்.
அங்கே பனி கொட்டுகிறதாம்.
எங்கள் குரல் ஐந்து ஒன்பதாம்.
அது நல்லதென்று இவர் முகத்தைப் பார்த்தால் தெரியும்.
பிறகு அந்த மனிதர் கேட்டார்:
உங்கள் கோபுரம் எத்தனை அடி?
அவ்வளவுதான்.
வேறொன்றும் கேட்கவில்லை.

"நாற்பது" என்றார் இவர்.

நான் குசினிக்குள்ளிருந்து,
"முப்பத்தேழு" என்றேன்.
"மூண்டடி கொங்கிறீற்றுக்குள்ள கிடக்கு.
ஏறினவளுக்குத் தெரியும்."

திரும்பிப் பார்த்தார்.
பொத்தானை அழுத்தித் திருத்திச் சொன்னார்.
இரைச்சல். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, எங்கேயோ உப்புக்கடல் தாண்டி,
அந்த மனிதர் மெல்ல, எழுதிக்கொண்டே சொல்வதுபோல,
தேர்ட்டி செவன் என்றார்.

நான் சோற்றை வடித்தேன்.

காலையில் கிழக்குக் கம்பி தளர்ந்து கிடக்கிறது.
இரவு ஏதோ உரசியிருக்கிறது.
மாடென்கிறார் இவர்.
மாட்டுக்கு இவ்வளவு உயரத்தில் சேறு பூசத் தெரியாது.
பெல்ற் எங்கே?